டோக்கன் நாள் பார்த்து வரும் அமுக்குவான்

கேள்வி: வயது 34, தங்கச்சிமடம். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். திங்கள், புதன், சனி காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலைதான் கரை. ராத்திரி முழுக்க வலை ஏற்றுவதும் மீன் பிரிப்பதுமாக இருக்கும், தூக்கம் அரைகுறைதான். மீனை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து பத்து மணிவாக்கில் படுத்தால் சாயங்காலம் நாலு மணிக்கு எழுவேன். அன்று ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வராது, போன் பார்த்துக்கொண்டிருப்பேன். மாசியில் ஒருநாள் காலையில் படுத்தபோது முழிப்பு வந்தது. கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. வாசல் நிலையில் ஈரத் துணியோடு ஓர் ஆள். கிட்டே வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். காதில் எஞ்சின் சத்தம். கத்தினேன், குரல் வரவில்லை. பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. தடைக்காலத்தில் ஒருநாளும் வரவில்லை. ஆனியில் படகு இறங்கியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. அமுக்குவான் பேய், தனுஷ்கோடியில் கடலோடு போனவர்கள் என்கிறார் அம்மா. கயிறு கட்டியாகிவிட்டது, தலைமாட்டில் அரிவாளும் இருக்கிறது. ஏர்வாடிக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார்கள். இது பேயா, பக்கவாதத்துக்கு முன்னோட்டமா, மூளைக் கோளாறா?

பதில்: மூன்றும் இல்லை. இதற்கு மருத்துவத்தில் ‘ஸ்லீப் பராலிசிஸ்’ என்று பெயர், தமிழில் உறக்க முடக்கம் எனலாம். பெயரில் பராலிசிஸ் இருக்கிறதே என்று பதற வேண்டாம். பக்கவாதத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கிழமைகளைப் பாருங்கள். கடலில் இரவைக் கழித்துவிட்டு வந்து படுக்கும் காலையில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடந்தபோது அதுவும் லீவு போட்டுவிட்டது. அனுமதி டோக்கன் கொடுக்கும் நாளைத் தெரிந்துகொண்டு வருகிற ஆவி உண்டா? தூக்கம் கெட்ட உடம்புதான் இப்படி நாள் தவறாமல் கணக்குத் தீர்க்கும்.

உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கனவுத் தூக்கம் வரும். அப்போது மூடிய இமைக்குள் கருவிழிகள் வேகமாக அலையும். 1953ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் இதைக் கவனித்து எழுதினார்கள். கனவில் ஓடுகிறோம், வலை இழுக்கிறோம், ஆளை அடிக்கிறோம். அப்படியே கை கால் வேலை செய்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் கதி என்ன? அதனால் மூளைத்தண்டு அந்த நேரத்தில் தண்டுவட நரம்புகளைப் பூட்டி வைக்கிறது. கிளைசின், காபா என்ற இரண்டு ரசாயனங்கள்தான் அந்தப் பூட்டு. கண்ணை அசைக்கும் தசைகளையும், மூச்சை நடத்தும் உதரவிதானத்தையும் மட்டும் விட்டுவைக்கும். உங்களால் கண்ணை உருட்டிப் பார்க்க முடிந்தது, குரல் மட்டும் எழவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

விழிக்கும்போது பூட்டும் சேர்ந்து திறக்க வேண்டும். சில சமயம் அறிவு முன்னால் விழித்துக்கொள்கிறது, பூட்டு சில நொடியோ சில நிமிடமோ பின்தங்குகிறது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழவில்லை. அவ்வளவுதான்.

நெஞ்சின் மேல் பாரம் எப்படி வந்தது? விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசைகளும் அந்தப் பூட்டுக்குள் அடக்கம். உதரவிதானம் மட்டும் மூச்சை மெதுவாக நடத்திக்கொண்டிருக்கும், தூங்குகிற ஆளுக்கு அது போதும். நீங்களோ பயந்துபோய் நெஞ்சு நிறைய இழுக்கப் பார்க்கிறீர்கள். நெஞ்சுக்கூடு விரியாது. யாரோ மேலே உட்கார்ந்து அழுத்துவதாகத்தான் தோன்றும். மூச்சு நிற்பதில்லை, இதில் யாரும் மூச்சுத் திணறிச் சாவதும் இல்லை.

ஈரத் துணி ஆளும் எஞ்சின் சத்தமும் கனவின் மிச்சம். விழித்த கண்ணுக்கு உங்கள் அறையே தெரிகிறது, அதன் மேல் கனவு வந்து ஒட்டிக்கொள்கிறது. மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா அந்நேரம் உச்சத்தில் இருக்கும். ‘யாரோ இருக்கிறார்கள்’ என்ற உணர்வு முதலில் வரும். அது யார் என்பதை நீங்கள் வளர்ந்த ஊர் நிரப்பிக் கொடுக்கும். ஜப்பானில் இதே முடக்கத்துக்குக் ‘கனாஷிபாரி’ என்று பெயர், உலோகத்தால் கட்டிப்போட்டதுபோல என்று பொருள். சீனாவில் படுக்கையை அமுக்கும் பேய். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவும் உங்களூரைப் போல மீன்பிடிக் கரைதான். அங்கே நெஞ்சில் ஏறி உட்காருவது ஒரு கிழவி. இவர்களில் யாரும் தனுஷ்கோடியைக் கேள்விப்பட்டவர்கள் இல்லை. ஆள் மாறுகிறான், அமுக்கு மாறவில்லை. 2011ல் தொகுக்கப்பட்ட ஆய்வுக் கணக்குப்படி பொதுமக்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் கால்வாசிப் பேருக்கும் மேல்.

ஏன் காலைத் தூக்கத்தில் மட்டும்? கனவுத் தூக்கம் விடிகாலையை ஒட்டித்தான் அதிகம் வரும். இரவு முழுக்க அதைக் கொடுக்காமல் வைத்திருந்து, காலை பத்து மணிக்குப் படுத்தால், மூளை 90 நிமிடம் காத்திருக்காமல் படுத்த கொஞ்ச நேரத்திலேயே நேரே கனவுக்குள் குதிக்கிறது. வெளியில் வெயில், மீன் வண்டி, ஒலிபெருக்கி, பிள்ளைகள் சத்தம். அரைகுறையாக முழிப்புத் தட்டும். பூட்டு மாட்டியபடியே நீங்கள் வெளியே வந்துவிடுகிறீர்கள். 1992ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களைத் தூக்கத்தின் நடுவே எழுப்பி, சிறிது நேரம் விழித்திருக்க வைத்து, மறுபடி தூங்கவிட்டு, இதே முடக்கத்தை ஆய்வுக்கூடத்திலேயே சிலருக்கு வரவழைத்தார்கள். உங்கள் படகும் வாரம் மூன்று முறை அதைத்தான் செய்கிறது. வலை ஏற்றும் வேலைக்கு நடுவே எல்லை பற்றிய பதற்றமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தொழிலை விடச் சொல்லப்போவதில்லை. கெடுப்பது கடலில் போகும் மூன்று இரவுகள் மட்டும் இல்லை, வீட்டில் இருக்கும் நான்கு இரவுகளும்தான். நாலு மணி வரை தூங்குவதால் அந்த இரவும் பாழாகிறது, அதே கடனோடு அடுத்த நாள் படகேறுகிறீர்கள். கரைக்கு வந்த அன்று பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். முதல் வாரம் உடம்பு கெஞ்சும். அன்றிரவு ஒன்பதரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுங்கள். செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு நான்கு இரவும் இதே நேரம். போன் ஒன்பது மணிக்கு வேறு அறைக்குப் போகட்டும். படகிலும் கூட்டாளிகளோடு முறை வைத்து, இரண்டு வலைக்கு நடுவே ஒன்றரை மணி நேரமாவது யாரும் எழுப்பாத தூக்கம் கிடைக்குமா என்று பாருங்கள். பத்து நிமிடம், இருபது நிமிடமாகப் பிய்த்துப் பிய்த்துத் தூங்குவதைவிட அது மேல்.

பகலில் படுக்கும் அறையில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறையுங்கள், காதில் பஞ்சு வையுங்கள். தேநீரின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். ஆகவே பத்து மணிக்குப் படுக்க வேண்டிய நாளில் கடைசி டீ விடியற்காலை நாலு மணியோடு சரி, வீட்டில் இருக்கும் நாளில் மூன்று மணிக்கு மேல் வேண்டாம். கரையேறியதும் அசதிக்கு ஒரு குவார்ட்டர் போடும் பழக்கம் இருந்தால் அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சாராயம் தூக்கத்தின் முன்பாதியில் கனவை அடக்கிவைக்கும். பின்பாதியில் அது அணை உடைந்த மாதிரி வரும், முடக்கமும் கூடவே வரும்.

படுக்கிற விதம் முக்கியம். மல்லாக்கப் படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது. நாக்கும் அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதை குறுகுவது அதற்கு ஒரு விளக்கம். ஒருக்களித்துப் படுங்கள். தூக்கத்தில் புரண்டுவிடுவீர்கள் என்றால், வலைத் தக்கை இரண்டை ஒரு சாக்ஸில் போட்டு, பழைய பனியனின் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்துத் தைத்துவிடுங்கள். மல்லாந்தால் உறுத்தும், தானாகப் புரண்டுகொள்வீர்கள். மாத்திரையை விட மலிவு.

வந்துவிட்டால் என்ன செய்வது? கை காலை உதறி எழப் பார்க்காதீர்கள். போராடப் போராட நெஞ்சு இறுகும், உருவம் பெரிதாகும். முதலில் மனதுக்குள் ‘இது தூக்கத்தின் பூட்டு, தானே திறக்கும்’ என்று சொல்லுங்கள். உருவத்தைப் பார்க்காமல் கண்ணை மூடுங்கள். மூச்சைப் பெரிதாக இழுக்காமல், அதுவாக வயிற்றில் ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். உடம்பைத் தளர விட்டபின் ஒரே ஓர் இடத்தை, கால் கட்டைவிரலையோ நாக்கு நுனியையோ, லேசாக அசைக்கப் பாருங்கள். விட்டதும் உடனே மறுபடி கண் அசராதீர்கள். மூளை இன்னும் கனவு வாசலிலேயே நிற்பதால் அடுத்த நிமிடமே திரும்ப அமுக்கும். எழுந்து உட்கார்ந்து, முகம் கழுவி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, பக்கவாட்டில் படுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்: நீங்கள் முனகுவதோ மூச்சு தாறுமாறாக ஓடுவதோ தெரிந்தால், பெயர் சொல்லித் தோளைத் தட்டினால் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடும்.

அரிவாளை எடுத்துவிடுங்கள். பேய்க்காகச் சொல்லவில்லை. பயந்து துள்ளி எழுகிற மனிதன் தலைமாட்டில் வெட்டுக்கத்தி இருக்கக் கூடாது, பிள்ளைகள் படுக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம். கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும். அதனால் பயம் குறைந்து நன்றாகத் தூங்கினால் முடக்கமும் குறையலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஏர்வாடிக்குத் தொழப் போவது உங்கள் நம்பிக்கை, அதில் மருத்துவருக்கு வேலை இல்லை. ‘பிடித்திருக்கிறது’ என்று சொல்லி யாரையும் கட்டிவைப்பதைத்தான் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

இனி, அமுக்குவான் என்று அலட்சியமாக விடக் கூடாதவை. உறக்க முடக்கம் சில நிமிடத்தில் முழுதாக விலகிவிடும், மிச்சம் வைக்காது. விலகாமல் நேரம் ஆக ஆகக் கூடினால் அது வேறு. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் முக்கியமாகக் கட்டுவிரியனை நினைவில் வைக்க வேண்டும். இரவில் கடிக்கும், வலி தெரியாது, பல் பட்ட தடமும் பல சமயம் கண்ணில் படாது. வயிற்று வலியோடு எழுந்து, இமை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல், பேச்சு குழறினால் ‘காற்றுக் கருப்பு’ என்று உட்காராதீர்கள். 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ஒரு பக்கக் கை கால் மட்டும் விழுவது, வாய் கோணுவது பக்கவாதம், அதற்கும் இதே அவசரம். ராத்திரி வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு, காலையில் எழ முடியாமல் மணிக்கணக்கில் கால்கள் விழுந்து கிடந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். முடக்கம் இருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொள்வது, படுக்கையில் சிறுநீர் போவது, உடம்பு வெட்டுவது வலிப்பைச் சேர்ந்தவை.

இன்னும் இரண்டு. பலத்த குறட்டையும் நடுவே மூச்சு அடைத்து விழிப்பதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாகத் தூங்கிய நாளிலும் பகலில் தூக்கம் ஆளைத் தள்ளினாலோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கினாலோ ‘நார்கோலெப்சி’ என்ற நரம்பு நோயைச் சந்தேகிப்போம். அப்படிப்பட்டவர் சுக்கானைப் பிடிக்கக் கூடாது, பைக்கும் ஓட்டக் கூடாது. இவற்றுக்கு ஒரு இரவு தூங்கவைத்துச் செய்யும் பரிசோதனை உண்டு, மதுரையில் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை, ஆகவே ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மேலே சொன்னதையெல்லாம் இரண்டு மாதம் செய்தும் வாரா வாரம் வந்தால், கனவுத் தூக்கத்தைக் குறைக்கும் சில மனச்சோர்வு மருந்துகளைச் சிறிய அளவில் கொடுப்பதுண்டு. அது மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. அதைத் திடீரென நிறுத்தினாலும் கனவுத் தூக்கம் பாய்ந்து வந்து முடக்கம் கூடும்.

மருத்துவரிடம் போவதாக இருந்தால் முன்னதாக இரண்டு வாரம் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள்: கடலுக்குப் போன நாள், படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசி டீ, குடித்தது, மல்லாக்கவா ஒருக்களித்தா, அமுக்கிய நேரம், எத்தனை நிமிடம். அந்தத் தாளை அம்மாவிடமும் காட்டுங்கள். திங்களும் புதனும் சனியும் அவருக்கும் தெரியும்.