விண்கலம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?

கேள்வி: எங்கள் அப்பாவின் ஸ்கூட்டர் லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கிறது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கி.மீ.; மூன்றரை லிட்டர் போதும் என்று கணக்குப் போட்டோம். இதேபோல, இருக்கும் எரிபொருளில் ஒரு விண்கலம் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட முடியுமா?
– பதினோராம் வகுப்பு மாணவி, திருமங்கலம்

பதில்: சாலையில் இந்தக் கணக்கு சரிவருவதற்குக் காரணம், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றும் தரையும் வண்டியைப் பின்னுக்கு இழுப்பதும், அந்த இழுவையை ஈடுகட்டப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருப்பதும்தான். மாவு தூவிய கேரம் போர்டில் விளிம்புவரை வழுக்கிச் செல்லும் காய், மாவு இல்லாத இடத்தில் பாதியிலேயே நின்றுவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விண்வெளியில் உராய்வு அநேகமாக இல்லாததால், எஞ்சினை அணைத்த பிறகும் கலம் போய்க்கொண்டே இருக்கும். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், செவ்வாய்க்குச் சென்ற 60 கோடி கிலோமீட்டருக்கும் அதிகமான வழியில் பெரும்பகுதியை முதன்மை எஞ்சினை எரிக்காமலேயே கடந்தது.

எரிபொருள் செலவாவது வேகத்தை மாற்றும்போது. பூமியின் பிடியிலிருந்து விடுபட வேகத்தைக் கூட்ட வேண்டும். செவ்வாயின் பிடியில் சிக்க அதைக் குறைக்க வேண்டும். ஆகவே, "எவ்வளவு வேக மாற்றத்துக்குக் கையிருப்பு உள்ளது?" என்றுதான் கேட்க வேண்டும். அதற்கான சூத்திரத்தை ரஷ்ய அறிஞர் சியல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்டார். கலத்தின் தொடக்க எடையை, எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் எடையால் வகுத்து, அந்த ஈவின் இயல் மடக்கையை, எஞ்சினிலிருந்து வாயு பீறிடும் வேகத்தால் பெருக்க வேண்டும். உங்கள் கால்குலேட்டரில் எல்.என். என்றிருக்கும் பொத்தான் இதற்கு உதவும்.

மங்கள்யானையே போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 1,337 கிலோ. அதில் எரிபொருளும், காற்றில்லாத இடத்தில் அது எரிய உதவும் ஆக்சிஜனேற்றியும் சேர்ந்து 852 கிலோ. மிஞ்சுவது 485 கிலோ. ஈவு 2.76, அதன் மடக்கை 1.01. வாயு நொடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகத்தில் வெளியேறுவதால், மொத்தக் கையிருப்பும் நொடிக்குச் சுமார் 3 கி.மீ. அளவுக்கான வேக மாற்றம்தான்.

எரிபொருளை இரு மடங்காக்கினால் இதுவும் இரு மடங்காகுமா? 1,704 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள், நொடிக்கு 4.5 கி.மீ.தான் வரும். தொட்டியின் கூடுதல் எடையையும் சேர்த்தால் அதுவும் கிடைக்காது. மேலூர்ப் பக்கத்திலிருந்து நெடுந்தூரம் கிளம்பும் மாட்டுவண்டி, வழியில் மாடுகள் தின்ன வேண்டிய வைக்கோலையும் சுமந்து சென்றால், நாளைய வைக்கோலை இழுப்பதற்கே இன்றைய வைக்கோலில் ஒரு பங்கு தீர்ந்துவிடும் அல்லவா? இந்தச் சூத்திரத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மடக்கை அங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்கான காரணமும் இதுவே.

2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்தபோது, மங்கள்யானின் எஞ்சின் ஏறத்தாழ 23 நிமிடங்கள் எரிந்து, நொடிக்கு 1.1 கி.மீ. அளவுக்கு வேகத்தைக் குறைத்தது. அதன் பிறகு தொட்டியில் இருந்தது ஏறத்தாழ 40 கிலோ. ஆறு மாதங்களுக்கென்று திட்டமிடப்பட்ட கலம், அந்த மிச்சத்தைக் கொண்டு சுற்றுப்பாதையைத் திருத்திக்கொண்டு, 2022 வரை தொடர்பில் இருந்தது.