நூறு நாள் வேலை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன் (ஆறு வருஷம் பணித்தள பொறுப்பாளரா இருந்தேன்)

கேள்வி: இதனால வேலையில்லா திண்டாட்டம் நிஜமாவே குறைஞ்சுதா?

பதில்: வேலை இல்லாத மாசத்துல கஞ்சிக்கு வழி பண்ணுச்சு, அது நிஜம். 2020-21 கொரோனா வருஷத்துல நாடு முழுக்க ஏழரை கோடி குடும்பத்துக்கு மேல இதுல வேலை பாத்துச்சு, திருப்பூர்ல இருந்து வந்த பசங்களும் எங்க ஏரியில மம்பட்டி புடிச்சானுங்க. ஆனா பேருக்குத்தான் நூறு நாள், சராசரியா ஒரு குடும்பத்துக்கு 50 நாள் சுத்தித்தான் கிடைச்சுது, மீதி நாளுக்கு என்ன வழி?

கேள்வி: பி.ஈ முடிச்ச என் தம்பிக்கு இதுல ஏதாவது உண்டா?

பதில்: இல்லப்பா. இது மண்ணு வெட்டுற வேலை, படிச்சவங்க பிரச்சனை வேற.

கேள்வி: நாத்து நட ஆள் கிடைக்கல, எல்லாரும் ஏரிக்கு போயிடறாங்க. எங்க வயித்தெரிச்சல் உங்களுக்கு புரியுதா அண்ணே?

பதில்: புரியுது, நானும் அரை ஏக்கர் வச்சிருக்கேன். ஆனா முன்னாடி நீங்க சொன்னதுதான் கூலின்னு இருந்துச்சு, இப்ப நாத்து நடுற அந்தம்மா "ஏரிக்கே போயிக்கிறேன்"னு சொல்ல முடியுது, நம்ம ஊர்ல இதுக்கு வர்றது பெரும்பாலும் பொம்பளைங்க தான், அவங்க கூலி ஏறுனது எனக்கு தப்பா தெரியல. நடவு சீசன்ல ஏரி வேலைய நிறுத்தி வைங்கன்னு கிராம சபையில கேளுங்க, அது நியாயம்.

கேள்வி: 336 ரூபான்னு சொன்னாங்க, அம்மாவுக்கு அவ்ளோ ஏறல?

பதில்: 2025-26க்கு 336 தான், ஆனா வெட்டுன குழிய அளந்துதான் கூலி. அளவு குறைஞ்சா காசும் குறையும். வருகைக்கு போட்டோ வேற, காலையில ஒண்ணு மதியம் ஒண்ணு ஆப்ல ஏத்தணும், டவர் இல்லாம நான் போன தூக்கிக்கிட்டு கரை மேல ஏறி நின்ன கதையெல்லாம் உண்டு. போட்டோ ஏறலன்னா அன்னைக்கு ஆப்சென்ட், வெயில்ல வெட்டுனது வீண் தான்.

கேள்வி: வேலை கேட்டா "இப்ப இல்ல, அப்புறம் வா"ன்றாங்க.

பதில்: வாயால கேக்காதீங்க, எழுதிக் குடுத்து தேதி போட்ட ரசீது வாங்குங்க. இந்த வேலைக்கான சட்டப்படி 15 நாளுக்குள்ள வேலை தரலன்னா வேலையில்லா கால படி தரணும், முதல் 30 நாளுக்கு கால்வாசி கூலியாவது, அதுக்கப்புறம் பாதியாவது. அந்த காசு மாநில அரசு பாக்கெட்ல இருந்து போகணும், அதனாலதான் ரசீதுன்னதும் மூஞ்சி மாறும். எங்க பக்கத்துல ஒரு அக்கா மூணு நாள் ஆபீஸ் வாசல்லயே உக்காந்து ரசீத வாங்கிட்டாங்க, படி வரல, ஆனா அடுத்த வாரமே வேலை வந்துச்சு.