பத்தாயிரம் மணி நேரமும் சில கேள்விகளும்

(வாசகர் கேள்வி – பதில்)

கனடாவில் வளர்ந்த எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008-இல் வெளியிட்ட ‘அவுட்லையர்ஸ்’ என்ற நூலைப் பற்றிச் சென்ற மாதம் இந்தப் பகுதியில் குறிப்பிட்டிருந்தேன். பெருவெற்றி பெற்றவர்கள் தனித்திறமையால் மட்டும் மேலே வந்தவர்கள் அல்லர், பிறந்த காலமும் வளர்ந்த வீடும் கிடைத்த வாய்ப்பும் வழிவழியாக வந்த பழக்கமும் சேர்ந்தே அவர்களை உயர்த்தின என்பது அந்நூலின் வாதம். அதையொட்டி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, என் மகள் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டே நீட் தேர்வுக்குத் தயாராகி வருகிறாள். எந்தத் துறையிலும் உச்சத்தைத் தொடப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி தேவை என்று அந்நூலில் படித்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி இரவு பதினொன்று வரை உட்காரவைத்தாலும் இரண்டு ஆண்டுகளில் அந்தக் கணக்கு எட்டாது போலிருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டுமோ? – ஒரு தந்தை, திருமங்கலம்

முதலில் அவளை நன்றாகத் தூங்க விடுங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, காரணம் அந்தக் கணக்கு பிறந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய இரு தோழர்களும் பெர்லின் இசைக் கல்லூரி ஒன்றில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிகச் சிறந்தவர்கள் என்று ஆசிரியர்கள் சுட்டிய மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாக அமர்ந்து பயின்றிருந்தார்கள் என்பது அதில் கண்ட செய்தி. சராசரி என்றால் அந்த அளவை எட்டாதவர்களும் அந்தச் சிறந்த குழுவில் இருந்தார்கள் என்றுதான் பொருள். இருபது வயதில் அவர்கள் மேதைகளும் அல்லர், நன்றாக வாசிக்கும் மாணவர்கள், அவ்வளவே. கிளாட்வெல் அந்தச் சராசரியை ஒரு விதியாக்கிவிட்டார் என்று எரிக்சனே பின்னாளில் மறுத்து எழுதினார். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: நன்றாக வாசித்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், பிற்பகலில் சற்றுக் கண்ணயரும் பழக்கமும் அவர்களுக்கு இருந்தது. பத்தாயிரம் என்ற எண் உலகம் சுற்றி வந்த அளவுக்கு இந்தத் தூக்கக் கணக்கு வரவில்லை.

நேரத்தின் அளவைவிடப் பயிற்சியின் தன்மையையே எரிக்சன் வற்புறுத்தினார். தெரிந்த பாடத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிப்பதை அவர் பயிற்சியில் சேர்க்கவில்லை. எந்த இடத்தில் சறுக்குகிறது என்று தெரிந்த ஆசிரியர் ஒருவர் அருகிருந்து திருத்த, அந்த ஓரிடத்தையே குறிவைத்துச் செய்வதுதான் அவருடைய கணக்கில் பயிற்சி. அப்படிச் செய்யும் பயிற்சிக்கும்கூட எல்லை உண்டு. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இசையில் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் சுமார் 21 விழுக்காட்டையும், விளையாட்டில் 18 விழுக்காட்டையும், கல்வியில் வெறும் 4 விழுக்காட்டையும்தான் பயிற்சியின் அளவைக் கொண்டு விளக்க முடிகிறது என்று கண்டார்கள். ஆகவே ஐந்தாம் வகுப்பில் தொடங்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

பத்தாயிரம் மணி நேரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பில் கேட்ஸ் சிறுவயதிலேயே ஆயிரக்கணக்கான மணி நேரம் கணினியில் நிரல் எழுதினார் என்பதைப் படிக்கிறோம். அந்தக் கணினி எங்கிருந்து வந்தது என்பதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். 1968-இல் சியாட்டில் நகரில் அவர் படித்த பள்ளியின் தாய்மார்கள் சங்கம், பழைய பொருட்களைச் சேகரித்து விற்று வந்த பணத்தில், தொலைவிலுள்ள கணினியோடு இணைந்து இயங்கும் முனையம் ஒன்றைப் பள்ளிக்கு ஏற்பாடு செய்து கொடுத்தது. அமெரிக்காவிலேயே பல கல்லூரிகளில் அந்த வசதி இல்லாத காலம் அது. நம் ஊர்ப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் குடிநீர்த் தொட்டியும்தான் பேசப்படுகின்றன. அவை இல்லாத பள்ளியில் அவற்றைத்தான் பேச முடியும், அது குற்றமன்று. ஆனால் அந்தச் சிறுவனின் பயிற்சி நேரத்தை எண்ணுகிறவர்கள் அந்தத் தாய்மார்களையும் எண்ண வேண்டும்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து வருபவளானால், 2020-இல் தமிழக அரசு மருத்துவப் படிப்பில் கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அவள் கூடுதலாக விழித்திருக்கும் எந்த இரவையும்விட அது அவளுக்குப் பெரிய துணை.

ஐயா, நான் உடற்கல்வி ஆசிரியர். கனடா நாட்டு ஹாக்கி வீரர்களில் பெரும்பாலோர் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் என்று அந்நூல் கூறுகிறது. இது நம் பிள்ளைகளுக்கும் பொருந்துமா? – உசிலம்பட்டி

பொருந்தும், ஆனால் நேராகப் பொருந்தாது. நூல் சொல்வது பனித்தரை ஹாக்கி. 2025-இல் இளையோர் உலகக் கோப்பைக்காக மதுரையில் ஆடினார்களே, அந்த ஹாக்கி அன்று. கனடாவில் சிறுவர்களை வயதுவாரியாகப் பிரிக்கும்போது ஜனவரி 1-ஐ எல்லையாக வைக்கிறார்கள். ஜனவரியில் பிறந்த சிறுவனும் டிசம்பரில் பிறந்த சிறுவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். ஒன்பது, பத்து வயதில் ஓராண்டு இடைவெளி என்பது தோளிலும் காலிலும் தெரியக்கூடியது. பெரியவனாக இருப்பவனைத் திறமைசாலி என்று பயிற்றுநர் எடுத்துக்கொள்கிறார், அவனுக்கு நல்ல பயிற்சியும் அதிக ஆட்டங்களும் கிடைக்கின்றன, சில ஆண்டுகளில் அவன் உண்மையாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான். முன்னணி ஆட்டக்காரர்களை எந்தக் குழுவில் எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், 10 விழுக்காட்டினர் மட்டுமே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பிறந்தவர்கள் என்பது நூல் தரும் கணக்கு.

நம் பக்கத்தில் இதை மூத்த தலைமுறையின் பள்ளிப் பதிவேட்டை வைத்துச் சோதிக்கப் புகுந்தால் வேடிக்கையான முடிவே கிடைக்கும். வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும். பிறந்த நாள் தெரியாத பிள்ளைக்குத் தலைமையாசிரியரே கணக்குப் பார்த்து மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை எழுதிவிடுவார். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துத் தாத்தாக்களின் சான்றிதழ்களைப் புரட்டினால், ஊரே கோடையில் பிறந்ததோ என்று தோன்றும்.

இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் மருத்துவமனையில் பிறந்தவர்கள், ஆகவே அவர்களுடைய தேதி நம்பத்தக்கது. பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கும்போதெல்லாம் அந்தக் கனடாக் கணக்கு இங்கேயும் வேலை செய்யத் தொடங்கிவிடும். தேர்வுப் பட்டியலில் பெயருக்கு அருகே பிறந்த மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைத் தேதியை ஒட்டிப் பிறந்த சிறிய பிள்ளையை ஒரே ஒரு தேர்வில் கழித்துவிடாமல், மறு ஆண்டும் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். சான்றிதழில் வயதைக் குறைத்துக் காட்டி வளர்ந்த பிள்ளையைச் சின்னப் பிரிவில் இறக்கும் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கனடாவில் நாட்காட்டி தற்செயலாகச் செய்ததை இங்கே பெரியவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

நெல் பயிரிடும் மக்கள் இயல்பாகவே கடும் உழைப்பாளிகள், அதனால்தான் அவர்களுடைய பிள்ளைகள் கணிதத்தில் முந்துகிறார்கள் என்று அந்நூலில் இருப்பதாக என் மகன் கூறினான். நாங்களும் தலைமுறை தலைமுறையாக நெல்தான் பயிரிடுகிறோம். எங்களுக்கு ஏன் அந்தப் பெயர் கிடைக்கவில்லை? – ஒரு விவசாயி, மேலூர்

அந்த ஆசிரியரிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் தென்சீனத்து வயல்களைப் பற்றிப் பேசுகிறார். வரப்பைச் சீராக்கி, நாற்றங்கால் விட்டு, பறித்து நட்டு, நீரை விரற்கணக்கில் ஏற்றி இறக்கி ஆண்டு முழுவதும் செய்யும் வேலை மனிதனைப் பொறுமைசாலி ஆக்குகிறது, அந்தப் பொறுமையே வகுப்பறையில் கணக்காக வெளிப்படுகிறது என்பது அவர் கருத்து.

இதைச் சோதிக்க ஒரு சான்று இருக்கிறது. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றில் ஷாங்காய் முதலிடம் பெற்றது. அதே சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட தமிழகமும் இமாசலப் பிரதேசமும் பட்டியலின் கடைசி வரிசைகளில் நின்றன. தமிழகத்தில் நெல் விளையவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே நெல்லை மட்டும் காரணமாகக் காட்டும் வாதம் நிற்கவில்லை.

ஆயினும் அந்த அத்தியாயத்தை நான் முழுவதும் தள்ளமாட்டேன். உழைப்புக்கும் பலனுக்கும் நேரான தொடர்பு இருக்கும்போதுதான் மனிதன் மனமுவந்து உழைக்கிறான் என்று அதிலேயே ஓரிடத்தில் சொல்கிறார். நிலத்துக்காரருக்குக் குறித்த அளவு குத்தகையைக் கொடுத்தபின் மிச்சமெல்லாம் தனக்கே என்ற நிலையில் சீனத்து உழவன் ஒரு மூட்டை கூடுதலாக விளைவிக்க முனைந்தான் என்கிறார். நம் நிலைமையை எண்ணிப் பாருங்கள். வயல் ஒருவருடையது, உழுதவர் வேறொருவர், நாற்று நட்ட பெண்களுக்கோ அன்றன்றைய கூலி. சாகுபடி செய்பவர் நிலத்துக்காரருக்கு விளைச்சலில் எவ்வளவு பங்கு கொடுக்கலாம் என்பதற்கு இங்கே ஒரு சட்ட வரம்பு வந்ததே 1956-இல்தான். கூடுதலாக விளைந்த மூட்டை அடுத்தவர் களஞ்சியத்துக்குப் போகும் என்று தெரிந்தவரிடம் நெல் எந்தப் பொறுமையை வளர்த்திருக்கும்? தண்ணீரும் அப்படித்தான். பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை அதன் நீரில் இருபோகம் விளைகிறது, கள்ளந்திரி தாண்டி உங்கள் மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். மிச்ச மாதங்களில் எத்தனை பேர் ஊரில் தங்க முடிந்தது என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

எல்லாமே வாய்ப்பு என்றால் திறமைக்கு இடமே இல்லையா? மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியும் வாய்ப்பால் மட்டும்தான் உயர்ந்தாரா? – ஒரு கல்லூரி மாணவி, மதுரை

நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் அது நூலுக்கு ஆதரவாகவும் எதிராகவும் சாட்சி சொல்கிறது. 1916-இல் அவர் பிறந்த வீட்டில் தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். நாள் முழுவதும் காதில் இசை விழுந்துகொண்டிருந்த வீடு அது. கிராமபோன் நிறுவனங்கள் பாடகிகளைத் தேடிக்கொண்டிருந்த காலமாக இருந்ததால் பத்து வயது வாக்கிலேயே அவர் குரல் இசைத்தட்டில் ஏறியது. இவ்வளவும் கிளாட்வெல் சொன்னபடியே இருக்கிறது. ஆனால் அதே வீட்டில், அதே தாயிடம் வளர்ந்த அண்ணன் மிருதங்கமும் தங்கை வீணையும் பயின்றார்கள். உலகம் அறிந்தது ஒருவரைத்தான். வீடும் காலமும் மூவருக்கும் பொது என்னும்போது, எஞ்சி நிற்பதைத் திறமை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இளமையில் தொடங்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறவர்களுக்கு டாக்டர் வெங்கடசாமியைக் காட்டுவேன். முப்பது வயது வாக்கில் முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோக, மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் அறுவைக்கு வந்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 58-ஆம் வயதில், 1976-இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்றுவித்ததால்தான் அங்கே மருத்துவர் ஒருவர் ஒரே நாளில் அத்தனை அறுவைகளைச் செய்ய முடிகிறது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பெண்களை விட்டுவிடுவதுதான் எனக்கு எப்போதும் உறுத்தும்.

நூலை முழுவதும் படிக்க வேண்டுமா? – வாடிப்பட்டி

வேண்டியதில்லை. மதுரைக்கு வரும்போது புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஹாக்கி அத்தியாயத்தையும் பத்தாயிரம் மணி நேர அத்தியாயத்தையும் முதலில் படியுங்கள், நெல் அத்தியாயத்தை மேலூர் விவசாயியின் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள். கொரிய விமான விபத்துகளைப் பற்றிய அத்தியாயம் மிகச் சுவையாக எழுதப்பட்டது, ஆனால் நான் அதிகம் ஐயுறுவதும் அதைத்தான். மேலதிகாரியிடம் அடங்கிப் பேசும் பழக்கத்தை விபத்துக்கு முதன்மைக் காரணமாக அது காட்டுகிறது. 1997-ஆம் ஆண்டு குவாம் தீவில் நடந்த கொரிய விமான விபத்தைப் பற்றிய அமெரிக்க விசாரணை அறிக்கையிலோ தலைமை விமானியின் களைப்பும், விமானம் தாழ்ந்து பறப்பதை எச்சரிக்க வேண்டிய தரைக்கருவி செயலற்று வைக்கப்பட்டிருந்ததும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன.