இடைவெளி எப்படி எழுத்தானது?

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் சீசர் சைஃபர் (எழுத்துகளை இடம் தள்ளி மறைக்கும் ரகசிய எழுத்து முறை) எழுதினேன். சிறிய எழுத்துகள் மட்டும்தான், ஒவ்வொன்றையும் 3 இடம் தள்ளுகிறேன். ஆங்கிலத்தில் 'ஹலோ வேர்ல்ட்' என்று கொடுத்து, மறைத்து, திரும்ப எடுத்தால் நடுவில் இருந்த இடைவெளி 'என்' எழுத்தாகி இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்கின்றன. கணக்கில் என்ன தப்பு?

பதில்: கணக்கில் தப்பே இல்லை. வரக்கூடாத ஆளைக் கணக்குக்குள் விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, இடைவெளிக்கும் உண்டு: 32. சிறிய 'ஏ' 97. கழித்தால் -65, மூன்றைக் கூட்டினால் -62. அதை 26-ஆல் வகுத்து மீதி கேட்டால் பைத்தான் 16 என்கிறது; 'ஏ'-யை 0 என்று வைத்து எண்ணினால் அது 'க்யூ'. திரும்ப வரும்போது 16-இல் 3 போனால் 13, அதாவது உங்கள் 'என்'. (சி மொழியில் மீதி -10 என்று வரும், அங்கே இதே இடைவெளி பெரிய 'டபிள்யூ' ஆகிவிடும்!)

ஆகவே தள்ளுவதற்கு முன்னால் கேளுங்கள்: இது 'ஏ'-யிலிருந்து 'இசட்' வரைக்குள் இருக்கிறதா? இருந்தால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் வந்தபடியே விடையில் சேருங்கள். இந்த 'இல்லாவிட்டால்' முக்கியம். நான் முதலில் எழுதியபோது அதற்கான 'எல்ஸ்' கட்டளையைப் போட மறந்து, புள்ளி, கமா, இடைவெளி எல்லாம் காணாமல் போய், எங்கே போயின என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். பெரிய எழுத்துகளைச் சேர்க்கும்போது 97-க்குப் பதில் 65 வைத்துத் தனியாக ஒரு சோதனை போதும்.

எழுத்துதானா என்று பார்த்துச் சொல்ல பைத்தானில் இஸ்ஆல்ஃபா என்று ஒரு குறுக்குவழி இருக்கிறதே என்பீர்கள். அதை நம்பாதீர்கள். நம் 'அ'வைக் கொடுத்தாலும் அது எழுத்துதான் என்று தலையாட்டும். 'அ'வின் எண் 2949. உங்கள் கணக்கில் போட்டால் 'வி' வரும், திரும்ப எடுத்தால் 'எஸ்'.

அப்புறம், இடைவெளியை அப்படியே விட்டால் ரகசியம் கசியாதா? கசியும். தனியாக நிற்கும் ஒற்றை எழுத்து ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஏ' அல்லது 'ஐ'. ஒன்றைப் பிடித்தாலே எத்தனை இடம் தள்ளியது என்று தெரிந்துவிடும். அதனால்தான் தந்திக் காலத்தில் இடைவெளியை எடுத்துவிட்டு, ஐந்தைந்து எழுத்தாகக் கூறுபோட்டு அனுப்பினார்கள். ஆனால் 26 எழுத்துக்கு 25 விதமாகத்தான் தள்ள முடியும். இடைவெளியை ஒளித்தாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும். பயிற்சிக்கு எழுதுகிறீர்கள், இடைவெளி இருந்துவிட்டுப் போகட்டும்.