கூலரில் ஐஸ் போட்டால் குளிருமா?

கேள்வி: போன மாதம் 9,000 ரூபாய்க்கு ஏர் கூலர் வாங்கினேன். "தொட்டியில் ஐஸ் போட்டால் ஏசி மாதிரியே இருக்கும்" என்றார் கடைக்காரர். தினமும் இரண்டு கிலோ ஐஸ் போடுகிறேன், ஜன்னல்களையும் மூடித்தான் வைக்கிறேன். புழுக்கம்தான் அதிகமாகிறது. மெஷினில் கோளாறா? திருப்பிக் கொடுக்கலாமா?
– மயிலாப்பூர் வாசகி

பதில்: மெஷின் நன்றாகத்தான் இருக்கும். நம் ஊர்க் காற்றுதான் அதற்கு ஒத்துவராது. என் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, பழைய பேப்பர் அடுக்கி வைக்க உதவுகிறது.

முதலில் ஐஸ் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ ஐஸ் உருகி முடிய 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அத்தனை வெப்பம் உள்ளே போயும், உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியிலேயே நிற்கும். உங்கள் இரண்டு கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீரும் அறைச் சூட்டுக்கு வந்து சேர, மொத்தம் சுமார் 900 கிலோஜூல் உறிஞ்சும். கேட்கப் பெரிதாக இருக்கிறதா? ஒரு டன் ஏசி அதே வேலையை நாலேகால் நிமிடத்தில் முடித்துவிடும்.

கூலரின் உண்மையான பலம் தண்ணீர் ஆவியாவதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏழு கிலோ ஐஸ் உருகியதற்குச் சமமான வெப்பம் காற்றிலிருந்து போய்விடும். ஆனால் ஆவியை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் வேண்டுமே! டெல்லியில் 42 டிகிரி வெயில், 15 சதவீத ஈரப்பதம் என்றால், கூலரால் காற்றை ஏறக்குறைய 22 டிகிரி வரைக்கும்கூட இறக்க முடியும். சென்னையில் 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலரும் 29 டிகிரிக்குக் கீழே போகாது. நீங்கள் ஜன்னலையும் மூடிவிட்டால் அதே ஈரக்காற்று உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். துணி காயப்போட்ட அறை மாதிரி ஆகிவிடும். கூலர் ஓடும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ஐஸுக்குச் செலவழிக்க வேண்டாம்.

சரி, பணம்? கருவி பழுதில்லை என்பதால் 'குறைபாடுள்ள பொருள்' என்று வாதாடுவது கஷ்டம். ஆனால் "ஏசி மாதிரி" என்ற வாக்கு விளம்பர நோட்டீஸிலோ கடைக்காரர் அனுப்பிய வாட்ஸப் செய்தியிலோ இருந்தால் கதை வேறு. தவறான விளம்பரம் என்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில் பத்திரம். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், கடைக்காரரிடம் பக்குவமாகப் பேசி ஃபேனுக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

கேள்வி: படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசி போடச் சொல்கிறார்கள். "ஒன்றரை டன்னைச் சுவர் தாங்குமா?" என்று கேட்கிறார் அப்பா. எங்களுக்கும் அது எந்த டன் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் வடிகிறதே, அதனால் கரண்ட் வீணாகாதா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அது எடைதான், ஆனால் மெஷினின் எடை இல்லை, ஐஸின் எடை. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுக்குமோ, அந்த வேகத்தில் அறை வெப்பத்தை வெளியேற்றுவதுதான் 'ஒரு டன்' ஏசி. ஐஸை வைத்துக் குளிர்ச்சியை அளந்த காலத்தின் மிச்சம் அது. அந்தக் காலத்தின் இன்னொரு மிச்சம் நம் மெரினா ஓரத்திலேயே நிற்கிறது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்க அமெரிக்க ஐஸ் வியாபாரி பிரெடரிக் டியூடர் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பூமியில் பாதி சுற்றி வந்தும் ஐஸ் மிஞ்சியதென்றால், உருகுவதற்கு அவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது என்பதுதான் காரணம். மரத்தூளை அடைத்து அந்த வெப்பத்தை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வடிகிற தண்ணீர் வீண் இல்லை. ஆவி தண்ணீராகும்போது, முன்பு எடுத்த வெப்பத்தையெல்லாம் திருப்பிக் கொடுக்கும். ஏசி அதையும் அள்ளி வெளியே தள்ள வேண்டும். பத்து லிட்டர் வடிந்திருந்தால், ஒரு டன் ஏசி கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அதற்காக மட்டுமே உழைத்திருக்கிறது. ரிமோட்டில் தெரியும் எண் அசையாது, ஆனால் உடம்பில் பிசுபிசுப்பு போயிருக்கும். சென்னையில் ஏசிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இதற்குத்தான். எத்தனை டன் என்பதை முடிவு செய்யும்போது அறையின் அளவோடு மொட்டைமாடி வெயில் நேராக இறங்குகிறதா என்றும் பாருங்கள். நடு மாடியில் சின்ன அறை என்றால் ஒரு டன்னே போதும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஐஸ்க்ரீம் கல் மாதிரி கெட்டியாக வந்தது. உள்ளே நறநறவென்று மணல் கடித்த மாதிரி. திருப்பித் தரலாமா?
– அண்ணா நகர் வாசகி

பதில்: தாராளமாக. வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மெதுவாக உறையும்போது பனித்துகள்கள் பெரிதாகும், அந்த நறநறப்பு அதுதான். மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய பொருள் இது. மூடியின் உட்புறத்தையும் கப்பையும் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு அனுப்பினால் யார் நம்புவார்கள்!

கேள்வி: விருந்து சமையலின்போது கேஸ் சிலிண்டரின் கீழ்ப்பாதி மட்டும் முத்து முத்தாக வேர்த்தது. கசிவா? எடை குறைவான சிலிண்டரா?
– பெரம்பூர் வாசகி

பதில்: இரண்டும் இல்லை. உள்ளே இருப்பது திரவம். பெரிய பர்னர்கள் தொடர்ந்து எரியும்போது அது வேகமாகக் கொதித்து வாயுவாகிறது. அதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்வதால் அந்த இடம் சில்லிட்டுப் போகிறது, நம் ஊர் ஈரக்காற்று அதில் படிகிறது. வேர்வை எந்தக் கோடு வரை நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவரை கேஸ் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

தீரப்போகும்போது சிலிண்டரை வெந்நீரில் நிறுத்தும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தீ கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் ஆபத்து, செய்யாதீர்கள். கசிவுச் சந்தேகம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, 1906-க்கு அழையுங்கள். சுவிட்சைத் தொட வேண்டாம்.

எடைச் சந்தேகத்தை டெலிவரி நேரத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் மேலே வெற்று எடை பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் தராசு என்ன காட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். தராசு கொண்டுவந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "வண்டியில் இருக்கிறது, மறந்துட்டேன் அக்கா" என்பார் தம்பி. நின்று வாங்குங்கள்.