"நிச்சயமா?" என்று கேட்டால்

கேள்வி: ஐ.ஏ.எஸ். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறேன். மாதிரி நேர்காணலில் எங்கள் மாவட்டத்துக் குடிநீரில் உள்ள ஃப்ளோரைடு பற்றிக் கேட்டார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றேன். ஒருவர் முகத்தைச் சுளித்து "நிச்சயமா?" என்றார். உடனே 2 என்று மாற்றிவிட்டேன். அப்புறம் கை நடுங்கி, தெரிந்ததும் மறந்துபோனது. என்ன செய்வது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி, அம்மா. இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம்.

வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் இப்படிப்பட்ட மாதிரிக் குழுக்களில் நானும் உட்காருகிறேன். பதில் சரி என்று தெரிந்தேதான் பல நேரம் "நிச்சயமா?" என்போம். நாளை ஒரு கூட்டம் குரலை உயர்த்தினால் கோப்பில் உள்ள எண்ணை மாற்றிவிடுவாரா என்று பார்க்கத்தான். தெரிந்ததை அதே குரலில், "ஆமாம் ஐயா, 1.5" என்று மறுபடி சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் "உறுதியாகத் தெரியவில்லை ஐயா" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைப்பதில்லை. சமாளிக்கப் போய் ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றும்போதுதான் பதற்றம் ஏறுகிறது.

கை நடுங்கினால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நெஞ்சுத் துடிப்பு தணியும். கேள்வி முடிந்ததும் உடனே பேச வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. தமிழில் பதில் சொல்வதாக விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்தால் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் பேசும் நேரமும் உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும். தமிழில் பேசுவதை யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275. ஒரு கேள்வியில் தடுமாறியதோடு எல்லாம் போய்விடாது. அடுத்த கேள்வி, ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கக் காவிரி நீரை உங்கள் மாவட்டத்துக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பற்றியே வரலாம். 2013இல் அது தொடங்கியபின் உங்கள் தெருக் குழாயில் என்ன மாறியது, ஊர்ப் பெரியவர்களின் பல்லில் ஃப்ளோரைடால் வந்த பழுப்புக் கறை சின்னப் பிள்ளைகளுக்கும் வருகிறதா என்பதை விசாரித்து வையுங்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது குரல் நடுங்காது.

வீட்டில் தம்பியையோ தோழியையோ உட்கார வைத்து, நீங்கள் சரியாகச் சொன்ன பதிலுக்கெல்லாம் "நிச்சயமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.