ஸ்டிக்கர் ஒட்டினால் சத்து கூடுமா?

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிள் பளபளவென்று கண்ணை இழுக்கிறது. கொடுக்கிற காசுக்குச் சத்து உண்டா? நல்ல பழத்தை எப்படிப் பார்த்து எடுப்பது?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்.

பதில்: அந்தப் பளபளப்பு பெரும்பாலும் மெழுகும்மா. சாப்பிடத் தகுந்த மெழுகைப் பூச அனுமதி உண்டு, பயம் வேண்டாம். ஸ்டிக்கரில் இருக்கும் எண் பில் போடுகிறவருக்கானது. சத்துதான் கணக்கென்றால் பக்கத்துக் கூடையில் கிடக்கும் கொய்யாவை எடுங்கள். 100 கிராமில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல். ஆப்பிளில் ஐந்தைத் தொட்டாலே பெரிது. நான் தள்ளுவண்டியில் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித்தான் வாங்குவேன். பிரஷர் உள்ளவர்கள் உப்பைத் தவிருங்கள்.

சாத்துக்குடி என்றால் ஒரே அளவில் இரண்டை எடுத்துக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமானதில்தான் சாறு.

மாம்பழத்துக்கு மூக்குதான் தராசு. காம்படியில் முகர்ந்தால் வாசனை வர வேண்டும். மேலே ஒரே மஞ்சள், உள்ளே கல் மாதிரி, மணமே இல்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவுக்கு மட்டும் அளவோடு அனுமதி.

நறுக்கி பிளாஸ்டிக் சுற்றி வைத்த பப்பாளியை நான் தொடுவதே இல்லை. எப்போது நறுக்கினார்களோ!